சுமியோஷி வரிசை வீடு: நடுப்பகுதியை வானத்துக்கு விட்ட குறுகிய மனை

ஒசாகா நகரின் தெற்கில் சுமியோஷி என்ற பகுதியில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மூன்று பழைய மர வீடுகள் நின்றன. ஜப்பானில் இந்த வகை வரிசை வீட்டை நாகயா என்பார்கள். ஒரே தூண், ஒரே உத்தரம், ஒரே சுவர் என்று எல்லாமே பக்கத்து வீட்டோடு பங்கு. 1976-இல் அந்த மூன்றில் நடு வீட்டை மட்டும் அறுத்தெடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு கான்கிரீட் வீட்டை நிறுத்தினார் கட்டடக் கலைஞர் ததாவோ ஆண்டோ. தெருப் பக்கம் ஜன்னலே கிடையாது. பூச்சு இல்லாத ஒரு வெற்றுச் சுவர், அதன் நடுவே ஆள் நுழையும் ஓர் இடைவெளி, அவ்வளவுதான். 1979-இல் ஜப்பான் கட்டடக்கலை நிறுவனத்தின் பரிசு இதற்குக் கிடைத்தது. 1995-இல், கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசு வாங்கிய மனிதரின் பெயர் முதலில் பரவலாகத் தெரியவந்தது இந்தச் சின்ன வீட்டால்தான்.

குறுகிய மனையில் வீடு கட்டப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் அகலத்தைப் பற்றியே இருக்கும். "பன்னிரண்டு அடிதான் சார் இருக்கு, ஹாலை எப்படிப் பெரிசாக் காட்டறது?" அகலம் எப்படியும் வளரப் போவதில்லை. சிக்கல் இருப்பது மனையின் நடுப்பகுதியில். சுமியோஷி வீட்டை இந்தக் கோணத்தில் பார்த்தால், புகைப்படங்களில் தெரியாத ஒரு கணக்கு அதற்குள் இருப்பது தெரியும்.

மனையும் அளவுகளும்

மனை 57.3 சதுர மீட்டர். நம் கணக்கில் சுமார் 617 சதுர அடி, அதாவது கால் கிரவுண்டுக்குச் சற்றே அதிகம், ஒன்றரை சென்டுக்கும் குறைவு. தெரு முகப்பு மூன்றரை மீட்டர் அளவு (பதினோரு, பன்னிரண்டு அடி). ஆழம் சுமார் 14 மீட்டர் (46 அடி). கட்டடம் இரண்டு தளம்; தரையில் கட்டப்பட்ட பரப்பு 33.7 சதுர மீட்டர், இரண்டு தளமும் சேர்த்து 64.7 சதுர மீட்டர். ஏறத்தாழ 700 சதுர அடி வீடு.

இந்த நீளப் பெட்டியை ஆண்டோ குறுக்காக மூன்று சம பாகமாக வெட்டினார். முன்பாகத்தில் கீழே வரவேற்பறை. பின்பாகத்தில் கீழே சமையலும் சாப்பாடும், அதற்கும் பின்னால் குளியலறையும் கழிப்பறையும். மாடியில் முன்னும் பின்னும் ஒவ்வொரு படுக்கையறை. நடுப்பாகத்துக்குக் கூரையே இல்லை. அங்கே ஒரு படிக்கட்டு, இரண்டு மாடி அறைகளையும் இணைக்கும் ஒரு நடைபாலம், மேலே வானம்.

ஆக, ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக வேண்டுமென்றால் வெளியே வந்துதான் ஆக வேண்டும். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு சாப்பிடப் போக வேண்டும். இந்த வீட்டைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது இந்தக் குடைக் கதையைத்தான்.

நடுப்பாகம் எதற்கு உதவியிருக்கும்?

பக்கவாட்டுச் சுவர்கள் இரண்டும் அடைபட்ட வீட்டில் வெளிச்சம் வர முன்னும் பின்னும்தான் வழி. ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தூரம் வரைதான் பகல் வெளிச்சம் உபயோகமாக உள்ளே வரும் என்பது தொழிலில் வழங்கும் ஒரு தோராயக் கணக்கு. மேல்விளிம்பு ஏழடி என்றால் பதினைந்து அடி, மிஞ்சினால் பதினேழு அடி. 46 அடி ஆழமான வீட்டில் முன்னால் பதினைந்து, பின்னால் பதினைந்து போக, நடுவில் மீதி பதினாறு அடி பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டிய இருட்டு.

ஆண்டோ திறந்து விட்டது சரியாக இந்தப் பதினாறு அடியைத்தான். எப்படியும் இருட்டாகிப் போகும் மூன்றாவது பாகத்தை வானத்துக்குக் கொடுத்துவிட்டு, அதன் வழியே மற்ற இரண்டு பாகத்துக்கும் வெளிச்சம் வாங்கிக்கொண்டார். ஒவ்வோர் அறையும் பதினைந்து, பதினாறு அடி ஆழம். முற்றத்தைப் பார்க்கும் பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஒரு பக்கத்து வெளிச்சமே கடைசி வரை எட்டும். தெருப் பக்கம் ஜன்னல் வைக்காமலேயே அவரால் சமாளிக்க முடிந்தது இதனால்தான்.

அடுத்தது நடைவழி. மூன்றரை மீட்டர் அகலத்தில் மூன்றடி நடை விட்டால், பக்கத்தில் இருக்கும் அறை எட்டடியாகக் குறுகிவிடும். சுவர்க் கனத்தையும் கழித்தால் கட்டில் போட்ட பிறகு அலமாரிக் கதவைத் திறக்க இடம் இருக்காது. நடுப்பாகத்தையும் கூரை போட்டு மூடியிருந்தால் இரண்டு தளத்திலும் சேர்த்து இன்னும் 32 சதுர மீட்டர் கிடைத்திருக்கும் என்று காகிதத்தில் தெரியும். அதில் படிக்கட்டும் நடையும் ஏறத்தாழ 14 சதுர மீட்டரைத் தின்றிருக்கும். மீதி 18 சதுர மீட்டர் இருட்டு அறை. ஆண்டோ இழந்தது உண்மையில் அவ்வளவுதான். படியையும் நடையையும் வெளியே தள்ளியதால் உள்ளே இருக்கும் ஒவ்வோர் அறையும் சுவரிலிருந்து சுவர் வரை மனையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்கிறது. பன்னிரண்டு அடி மனையில் ஹாலைப் பெரிதாகக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சுவரும் இதற்கு ஒத்துழைக்கிறது. கான்கிரீட் சுவரே பாரத்தைத் தாங்குவதால் தனித் தூண் கிடையாது, மூலையில் துருத்திக்கொண்டு நிற்பதும் எதுவுமில்லை. நம் ஊரில் தூண் எழுப்பி, இடையில் செங்கல் நிரப்பி, இருபுறமும் பூசி முடிக்கும்போது குறுகிய மனையில் அரையடி அரையடியாக எவ்வளவு போகிறது என்பதை எந்த மேஸ்திரியிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

ஏன் தெருவுக்கு முதுகு?

ஆண்டோ 1941-இல் பிறந்தவர், ஒசாகாக்காரர். கல்லூரியில் கட்டடக்கலை படிக்கவில்லை. கொஞ்ச காலம் குத்துச்சண்டை போட்டார். 1969-இல் சொந்த அலுவலகம் திறந்தார். அவரே வளர்ந்தது ஒரு நாகயாவில். உள்ளே இருட்டு, கோடையில் புழுக்கம், குளிர்காலத்தில் நடுக்கம். சிறுவனாக இருந்தபோது அந்த வீட்டில் மராமத்து நடந்ததையும், தச்சர் கூரையைத் திறந்ததும் வெளிச்சம் உள்ளே கொட்டியதையும் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். 1973-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இப்படிப்பட்ட சிறு நகர வீடுகளுக்கு 'நகர கெரில்லா வீடு' என்று பெயர் வைத்தார். சுற்றியுள்ள நகரம் இரைச்சலும் நெரிசலுமாகப் பெருகும்போது, சாதாரணக் குடும்பம் ஒன்று அதற்குள் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு பிழைக்க வேண்டும் என்ற எண்ணம். அந்த எண்ணத்தின் கட்டட வடிவம்தான் அந்த ஜன்னலில்லாச் சுவர்.

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. எல்லா வீடும் இப்படித் திரும்பி நின்றுவிட்டால் தெரு என்ன ஆகும்? திண்ணை வைத்துக் கட்டியவர்களுக்கு இந்தச் சுவர் கொஞ்சம் மூர்க்கமாகத்தான் தெரியும். ஆனால் அக்ரஹாரத்து வீட்டின் உள்ளமைப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சொந்தக்காரர்கள் போலத்தான் தெரிகிறது. குறுகிய முகப்பு, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், ரேழி, கூடம், நடுவில் முற்றம், அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, கிணறு, கொல்லை. கும்பகோணம் பக்கம் எத்தனையோ தெருக்களில் இப்படித்தான். நீள மனையின் நடுவில் இருட்டு விழும் என்பது அந்தக் கொத்தனார்களுக்கும் தெரிந்திருந்தது.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் ஓடும். மழையிலும் நனையாமல் சுற்றி வரலாம். ஆண்டோ அந்தத் தாழ்வாரத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டார்.

இரவு மூன்று மணி

ஜனவரியில் ஒசாகாவின் அதிகாலை வெப்பநிலை இரண்டு, மூன்று டிகிரிக்கு இறங்கும். தெருப் பக்க மாடி அறையில் படுத்திருப்பவருக்கு இரவு மூன்று மணிக்குக் கழிப்பறை போக வேண்டும். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பாலத்துக்கு வர வேண்டும். கைப்பிடி ஜில்லென்றிருக்கும். திறந்த படியில் இறங்கி, கல் தளத்தைக் கடந்து, இன்னொரு கதவைத் திறந்து சாப்பாட்டு அறைக்குள் நுழைந்து, அதையும் தாண்டி வீட்டின் கடைசிக்குப் போக வேண்டும். திரும்பி வரும்போதும் இதே வழி. அன்றைக்கு மழை என்றால் படியில் வழுக்கும்.

கட்டியபோது ஏசி இல்லை, வெப்பத் தடுப்பும் இல்லை. வெற்று கான்கிரீட் கோடையில் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், குளிர்காலத்தில் குளிரை. குளிர்ந்தால் இன்னொரு உடுப்பு போட்டுக்கொள்ளலாம் என்பது ஆண்டோவின் பதில். என்னிடம் வரைபடம் கேட்டு வந்துவிட்டால் நீங்களும் போராடி வாழத் தயாராக இருக்க வேண்டும் என்ற பொருளில் எழுதியும் இருக்கிறார். இன்னொரு பரிசுக்காக வீட்டைப் பார்க்க வந்த மூத்த கட்டடக் கலைஞர் தோகோ முரானோ, பரிசை இங்கே குடியிருப்பவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று சொன்னதாக ஆண்டோவே நினைவுகூர்வது உண்டு. வீட்டுக்காரர்களும் சளைக்கவில்லை, பல பத்தாண்டுகள் அங்கேயே குடியிருந்தார்கள்.

இதை வீம்பு என்று சொல்பவர்களும் உண்டு, தவம் என்று கொண்டாடுபவர்களும் உண்டு. என் கருத்து: திறந்த முற்றம் சரியான முடிவு, கழிப்பறையை ஒரே பக்கம் வைத்தது தவறான முடிவு. இரண்டையும் ஒரே தத்துவத்தில் போட்டு நியாயப்படுத்தத் தேவையில்லை. வானம் பார்த்த முற்றம் வேண்டும் என்பதற்காக மூட்டு வலிக்காரர் ஒருவர் நள்ளிரவில் படி இறங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இதே வெட்டு சென்னையில் என்ன ஆகும்

இந்த வீட்டின் படத்தைக் காட்டி "இது மாதிரி வேணும்" என்று கேட்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை: சூரியன் இரண்டு ஊரிலும் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

ஒசாகா ஏறத்தாழ 34.6 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அங்கே நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 32 டிகிரிதான் மேலே வரும். வீட்டின் உயரம் சுமார் 5.8 மீட்டர். அந்தக் கோணத்தில் அந்தச் சுவரின் நிழல் ஒன்பது மீட்டருக்கு மேல் நீளும்; முற்றமோ நாலேமுக்கால் மீட்டர் நீளந்தான். ஆக, உச்சிக் குளிர்காலத்தில் நேர் வெயில் முற்றத்துத் தரையைத் தொடாது. மேல்சுவரில் ஒரு பட்டையாக விழும். சூரியன் மேலே ஏற ஏறத்தான் தரைக்கு வரும்; கோடையில் அது 79 டிகிரி வரை ஏறும்.

சென்னை 13 டிகிரியில் இருக்கிறது. டிசம்பரிலேயே நண்பகல் சூரியன் 53 டிகிரிக்கு மேல். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு முறை, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒரு முறை, சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும். கத்திரி வெயில் நாட்களிலும் அதிலிருந்து சில டிகிரிதான் விலகியிருக்கும். அந்த நேரத்தில் மூன்று மீட்டர் அகல முற்றத்துக்குப் பக்கச்சுவர் எதுவும் நிழல் தராது. கல் தளமும் கான்கிரீட் சுவரும் மாலை வரை சூட்டைக் குடித்துவிட்டு, இரவில் அதைப் படுக்கையறைக் கண்ணாடி மீது திருப்பி விடும்.

அதனால் சுமியோஷி வெட்டை அப்படியே இங்கே எடுத்து வைக்கக் கூடாது. முற்றத்தை மூடிவிடுவதும் தீர்வில்லை. பலரும் செய்வது போல மேலே பாலிகார்பனேட் தகடு போட்டு நாலு பக்கமும் அடைத்துவிட்டால் சூடான காற்று மேலே போய் அங்கேயே தங்கும். கூரை வேண்டுமென்றால் அதைச் சுவர் மட்டத்திலிருந்து ஓரடியாவது தூக்கி, சுற்றிலும் கொசுவலை அடித்த திறப்பு விட வேண்டும். நான் விரும்புவது குறுக்கு வரிச்சட்டங்கள். இரும்புக் குழாயோ கான்கிரீட் பட்டையோ, இடைவெளி அதன் ஆழத்துக்குச் சமமாக இருந்தால் உச்சி வெயில் தவிர மற்ற நேரத்து வெயிலில் பெரும்பகுதி தடைபடும், காற்று தடைபடாது. உச்சி வெயிலுக்கு அதன் மேல் படரும் செடிக்கொடியை ஏற்றிவிடலாம். திருட்டு பயத்துக்கும் இதே சட்டம் கம்பியாக உதவும்.

வெயிலைப் பொறுத்தவரை நமக்கு நெருங்கிய முன்மாதிரி ஜப்பானில் இல்லை, ஹோ சி மின் நகரில் இருக்கிறது. அங்கே கட்டடக் கலைஞர் வோ ட்ரோங் நியா குழுவினர் 2011-இல் கட்டிய 'அடுக்குப் பசுமை' வீட்டின் மனை 4 மீட்டர் அகலம், 20 மீட்டர் ஆழம். அட்சரேகை 11 டிகிரிக்குள், அதாவது சென்னையைவிடத் தெற்கு. அவர்கள் முன்பக்கமும் பின்பக்கமும் சுவருக்குப் பதிலாகக் கான்கிரீட் செடித் தொட்டிகளை அடுக்கினார்கள். தொட்டிக்குத் தொட்டி இடைவெளி செடியின் உயரத்தைப் பொறுத்து மாறும். தண்ணீர் விட உள்ளேயே தானியங்கிக் குழாய். வெயிலை இலை வாங்கிக்கொள்ள, காற்று இடுக்கு வழியே முன்னாலிருந்து பின்னால் போகிறது. உள்ளே தடுப்புச் சுவர் மிகக் குறைவு என்பதால்தான் அது போக முடிகிறது. ஆண்டோ தெருவை அடைத்தார்; இவர்கள் தெருவை வடிகட்டினார்கள். நம் ஊர் தூசிக்கும் வெக்கைக்கும் பின்னதே ஒத்து வரும்.

டோக்கியோவில் 1966-இல் கட்டடக் கலைஞர் தகமித்சு அசுமா தனக்கே கட்டிக்கொண்ட கோபுர வீட்டையும் இந்தப் பேச்சில் இழுப்பார்கள். வெறும் 20 சதுர மீட்டர் மனை, நிலவறையோடு ஆறு தளம், உள்ளே அறைக்குக் கதவே கிடையாது. அது வேறு நோய்க்கு வேறு மருந்து. மனை குட்டையானது, நடுப்பகுதி என்று ஒன்று இருந்தால்தானே இருட்டடிக்கும்?

கட்டும்போது கை கடிக்கும் இடங்கள்

முதலில் சட்டம். திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் போன்ற பழைய பகுதிகளில் தொடர் கட்டடப் பகுதி என்று குறிக்கப்பட்ட இடங்களில் பக்கவாட்டில் ஒட்டிக் கட்டலாம். மற்ற இடங்களில் பக்க செட்பேக், அதாவது மனை எல்லைக்கும் சுவருக்கும் இடையே காலி இடம், விட வேண்டியிருக்கும். பன்னிரண்டு அடியில் அது போனால் இந்த வடிவமைப்பே வேறாகிவிடும். வரைபடம் போடுவதற்கு முன்பே உங்கள் மனை எந்த வகையில் வருகிறது என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது பக்கத்து வீடு. வரிசையில் நடு வீட்டை இடிக்கும்போது இரண்டு பக்கத்துச் சுவர்களும் அதுவரை இருந்த பிடிமானத்தை இழக்கும். முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அஸ்திவாரக் குழியை ஒரே மூச்சில் நீளத்துக்கு வெட்டாமல், நாலைந்து அடித் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று வெட்டிக் கான்கிரீட் போட்டு நகர்வது நல்லது. பழைய வீட்டு அஸ்திவாரம் இரண்டரை அடியிலேயே முடிந்திருக்கலாம். அதற்குக் கீழே தோண்டினால் அவர்கள் சுவர் நம் குழிக்குள் வந்துவிடும்.

நம் சுவருக்கும் அடுத்த சுவருக்கும் இடையில் விழும் இரண்டு, மூன்று அங்குலச் சந்து இன்னொரு தலைவலி. அங்கே கான்கிரீட் வார்க்க அடிக்கும் சென்ட்ரிங் பலகையைக் கழற்றவும் முடியாது, வெளிப்பூச்சு பூசவும் முடியாது. மழைத் தண்ணீர் மட்டும் சரியாக உள்ளே போகும். இரண்டு மழைக்காலத்தில் படுக்கையறைச் சுவரில் உப்புப் பூக்கும். சந்தின் மேல்வாயை மொட்டை மாடி மட்டத்தில் தகடு மடித்து மூடிவிட வேண்டும். அது பக்கத்து வீட்டுக்காரர் சம்மதத்தோடு, அவர் சுவரிலும் ஒரு காடி வெட்டிச் செருகினால்தான் நிற்கும். அதற்காகவாவது அவரோடு நல்ல முகமாக இருக்க வேண்டும்.

முற்றத்துத் தண்ணீர். சுமார் 15 சதுர மீட்டர் முற்றம் என்றால் 100 மில்லிமீட்டர் மழைக்கு 1,500 லிட்டர் விழும். சென்னையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வருவதால், அவ்வளவும் ஒரே நாளில் வருவது அதிசயமில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு எப்படியும் கட்டாயம். இதை வடிகட்டிச் சம்ப்புக்கு விடலாம். வடிவாய் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். ஒற்றை வாயை ஒரு வேப்பிலைக் கொத்தே அடைத்துவிடும், அப்புறம் தண்ணீர் சமையலறைக்குத்தான் போகும். அறையின் தரை முற்றத்தைவிட ஆறங்குலமாவது மேலே இருக்க வேண்டும். தாழ்வாரத்துக்கு நாலு பக்கமும் இடமில்லை. ஒரே ஒரு சுவரை ஒட்டி மூன்றடிக்குச் சரிவுக் கூரை இறக்கினால் குடைப் பிரச்சினை தீரும், முற்றமும் எட்டடி அகலத்தில் மிஞ்சும்.

கழிப்பறையைக் கீழே பின்பக்கம் ஒன்று, மாடியில் ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஒன்று என்று மூன்றாகப் பிரித்துவிட்டால் இரவு மூன்று மணிக் கதைக்கு வேலையில்லை. ஆனால் பின்பக்கத்துக் கழிவுக் குழாய் தெருச் சாக்கடைக்கு வர முழு வீட்டையும் தாண்ட வேண்டும். நாலங்குலக் குழாய்க்கு அறுபதுக்கு ஒன்று சரிவு வைத்தால் 14 மீட்டரில் 23 சென்டிமீட்டர் இறங்கும். தெருச் சாக்கடைத் தொட்டியின் மட்டம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று முதலிலேயே அளந்து பார்க்க வேண்டும். பழைய தெருக்களில் சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியிருப்பார்கள், வீட்டு மட்டம் தாழ்ந்து கிடக்கும். குழாய் முற்றத்துக்கு அடியில் போவதால், அடைப்பு எடுக்க வைக்கும் சேம்பர் தொட்டியின் மூடியும் அங்கேதான் வரும். அதை நடுவில் விடாமல் சரிவுக் கூரைக்குக் கீழே, சுவரோரமாக ஒதுக்கி, மேலே அதே கல்லைப் பதித்த மூடியாகப் போடச் சொல்லுங்கள். கல் பதித்து முடித்த பிறகு சொன்னால் மேஸ்திரி கேட்க மாட்டார்.